சரியான தமிழில் ஒரு ‘போறம்’

எனக்கு மனிதரோடு கதைக்கத் தெரியாது. அவர்கள் கதைப்பதைத் திருத்தத்தான் தெரியும். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து “எங்கட அப்பா காலமாகிட்டுது” என்றால், மற்றவர்கள் அவருடைய கண்ணீரைப் பார்ப்பார்கள். நான், பெற்ற தகப்பனை அஃறிணை ஆக்கிவிட்டானே பாவி என்று பார்ப்பேன். இதைக் குணம் என்று சொல்லமுடியாது. வருத்தம். (வருத்தம் என்றால் எங்கள் பக்கத்தில் நோய். கவலை என்று நினைத்துவிடாதீர்கள். கவலை மற்றவர்களுக்குத்தான்.)

வருத்தத்துக்கு ஏற்ற வேலையும் கிடைத்தது. மட்டக்களப்பு நகரத்தில் ஓர் அச்சகத்தில் தட்டச்சும் பிழை திருத்தமும். கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், திருவிழா நோட்டீஸ், பிறந்தநாள் பதாகை எல்லாம் என் கையால்தான் வெளியே போகும். முதலாளி சாபிர் நானா காத்தான்குடிக்காரர், நல்ல மனிதர். ஆட்கள் எழுதிக்கொண்டு வருவதை நான் அப்படியே அடித்துக் கொடுப்பதில்லை என்பது ஒன்றுதான் அவருக்கு என்னோடு இருந்த சண்டை. ‘காலஞ்சென்ற அமரர்’ என்று எழுதி வருவார்கள். ஒரு மனிதன் எத்தனை தரம் சாவது என்று கேட்டு ஒன்றை வெட்டுவேன். ‘வாழ்த்துக்கள்’ என்று வரும். நடுவில் இருக்கும் ‘க்’கைப் பிடுங்குவேன்.

ஒருமுறை ஏறாவூரில் இருந்து வந்த ஒருவர் பதாகையை மேசையில் விரித்து, எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, நான் தந்ததில ஒரு எழுத்து குறையிது. எடுத்த எழுத்த வையுங்க” என்றார். நான் எழுந்து நின்று அவருக்குப் புணர்ச்சி விதியைச் சொல்லத் தொடங்கினேன். ‘புணர்ச்சி’ என்ற சொல்லைக் கேட்டதுதான் தாமதம், மனிதர் பதாகையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் போய்விட்டார். சாபிர் நானா தலையில் கை வைத்தார்.

“புள்ள, ஆக்கள் எழுதினத அடிச்சுக் குடுங்க. இலக்கணத்த அல்லாஹ் பாத்துக்குவான்.”

எழுத்தையாவது வெட்டலாம். வாயால் வருவதை என்ன செய்வது? கூட்டத்தில் ஒருவர் எழும்பி “நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறேன்” என்பார். கூறமாட்டார். கடமைப்பட்டிருப்பதை மட்டும் அறிவித்துவிட்டு இருந்துவிடுவார். “குறை நினைக்காதீங்க” என்று தொடங்குகிறவர் சொல்லப்போவது முழுக்கக் குறைதான். “உள்ளதச் சொன்னா” என்கிறாரே, அப்போ இவ்வளவு நேரமும் சொன்னது என்ன? கல்முனை பஸ்ஸில் நடத்துனர், “இறங்குற ஆக்கள் இறங்குங்க” என்று கத்துவார். இறங்காத ஆட்கள் இறங்கினால்தானே ஐயா கத்தவேண்டும்? இதையெல்லாம் கேட்கும்போது எனக்குக் கால் ஆடத் தொடங்கும். இருக்கமுடியாது. உடம்பில் எறும்பு ஏறியதுபோல இருக்கும். சொல்லிவிட்டால்தான் எறும்பு இறங்கும்.

இப்படிப்பட்ட என்னை நம்பி ஒரு கலியாணப் பேச்சு நடந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் தங்கச்சி தர்சினி என்னைவிட ஒன்பது வயது இளையவள். வந்தாறுமூலையில் பல்கலைக்கழக வளாக நூலகத்தில் வேலை. அங்கேயே ஆய்வுகூடத்தில் வேலை செய்த நிரோசனை அவள் விரும்பினாள். நிரோசனின் ஊர் மாங்கேணி. தகப்பன் வெள்ளைத்தம்பி சொந்த வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். எங்களுக்கு அப்பா இல்லை. வீட்டில் அம்மாவும் தர்சினியும். மூத்தவளான நானும் என் கணவர் ரவியும் அடுத்த வளவில். தேற்றாத்தீவில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி, வேலியில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியால் என் வாய் போய்வரும்.

தர்சினிக்கு அதற்கு முதல் பேசிவந்த ஒரு சம்பந்தம் நின்றுபோயிருந்தது. காரணம் நான். (அந்த மாப்பிள்ளையின் அண்ணன் ‘அக்ச்சுவலி’ என்ற சொல்லை ஓயாமல் சொன்னார். ஒவ்வொரு முறையும் அது எத்தனையாவது தரம் என்று நான் சத்தமாகச் சொன்னேன். பதினான்கில் எழும்பிப் போய்விட்டார்கள்.) அந்த முறை தர்சினி கவலைப்படவில்லை, சிரித்தாள். இந்த முறை சிரிக்கிற கதை இல்லை. இவன் அவள் மனதுக்குப் பிடித்தவன். வெள்ளைத்தம்பி குடும்பத்தோடு வருகிற அன்று காலையில் வேலி இடைவெளியில் வந்து நின்றாள்.

“அக்கா, நீ ஒண்டும் செய்ய வேணாம். வாயத் திறக்காம இரு. ரெண்டு மணித்தியாலம்.”

“சிரிக்கலாமா?”

“சிரிக்காத. உன்ட சிரிப்பே பிழை புடிக்கிற மாதிரித்தான் இரிக்கி.”

“அப்ப நான் வராம விடுறன்.”

“மூத்த அக்கா எங்க எண்டு கேப்பாங்க. வா. வந்து ஊமையா இரு.”

ரவிக்கும் ஒரு வேலை கொடுக்கப்பட்டது. என் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, நான் வாயைத் திறக்கும் அறிகுறி தெரிந்தால் காலை மிதிக்கவேண்டும். கலியாணம் முடித்துப் பத்து வருடத்தில் அந்த மனிதர் இவ்வளவு மகிழ்ச்சியாக ஒரு வேலையை ஏற்றுக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

பிற்பகல் வாசலில் வான் வந்து நின்றது. வெள்ளைத்தம்பி, அவருடைய மனைவி, நிரோசன், பலகாரத்தைத் தவிர வேறெதிலும் அக்கறை இல்லாத இரண்டு உறவினர்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். அதனால் மாப்பிள்ளை வீட்டார் வந்தால் பெண்ணைப் பார்ப்பது பாதி, வீட்டைப் பார்ப்பது பாதி. வெள்ளைத்தம்பி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார். பரந்த முகம், வெயில் குடித்த கறுப்பு, பெரிய குரல். காற்றுக்கு மேலால் கதைத்துப் பழகியவர்.

“வீடு வடிவா இரிக்கி. மறுகா கிணத்துத் தண்ணி உப்பா?”

“கொஞ்சம் சவர்” என்றார் அம்மா.

“சவரெண்டாலும் பரவால்ல. மறுகா எங்களுக்கு அது பழக்கம். மறுகா நாங்க கடக்கரை ஆக்கள்தானே மறுகா.”

மறுகா என்றால் பிறகு. மட்டக்களப்பில் பிறந்த எல்லோர் வாயிலும் இருக்கும் நல்ல பழைய சொல். எனக்கும் வரும். ஆனால் வாக்கியம் முடிந்த பிறகும் ஒரு மறுகாவா? பிறகு என்ன? பிறகு ஒன்றும் இல்லை, அவர் தேநீர் குடிக்கிறார். சும்மா நடுவழியில் இறக்கிவிடப்பட்ட அந்த மறுகா போக இடமில்லாமல் எங்கள் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டு நின்றது. என் கால் ஆடத் தொடங்கியது. ரவி மிதித்தார்.

“மறுகா இந்தத் தூண் நல்லா இரிக்கி. ஹோலுக்கு நடுச் சென்ரர்ல நிக்கி.”

நடு. சென்ரர். ஒரே இடத்தில் இரண்டு தூண். ரவி மிதித்தார். நான் எழும்பிக் குசினிக்குள் போனேன். அங்கே தேங்காய் துருவிக்கு முன்னால் நின்று, “நடு எண்டு சொல்லு, இல்லாட்டி சென்ரர் எண்டு சொல்லு, ஒண்டைச் சொல்லு!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, பலகாரத் தட்டோடு திரும்பி வந்தேன். வந்து இருக்கும்போது அவர் ‘கேற் வாசல்’ என்றார், இரண்டு வாசல். திரும்பவும் குசினிக்குப் போனேன். இப்படி ஐந்து முறை. உறவினர்கள் இருவரும் என்னை மிகவும் நல்லவள் என்று நினைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் தட்டோடுதானே வந்தேன்.

ஆனால் பேச்சு நல்லபடி போனது. வெள்ளைத்தம்பி நேர்மையான மனிதர், சுற்றி வளைக்கவில்லை. “எங்களுக்குப் புள்ளயப் புடிச்சிரிக்கி. அவனுக்கும் புடிச்சிரிக்கி. மறுகா நாம என்னத்தப் பேசுற? வாற வெள்ளிக்கிழமை வந்து நாள் வைப்பம்” என்றார். அம்மாவின் கண் நனைந்தது. தர்சினி கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் முடிந்துவிட்டது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

“அப்ப நாங்க வாறம்” என்று வெள்ளைத்தம்பி எழுந்தார்.

எழுந்தவர் போகவில்லை. மழை இந்த முறை பிந்துகிறது என்று பத்து நிமிடம் நின்று கதைத்தார். “சரி, மறுகா வாறம்” என்று கதவடிக்கு வந்தார். அங்கே கதவைத் தட்டிப் பார்த்து, இது எந்த மரம் என்று கேட்டார். விறாந்தையில் செருப்பைப் போட்டுக்கொண்டு மூன்றாவது வாறம். கிணற்றடியில் நான்காவது. முருங்கை மரத்தடியில் மயிர்க்கொட்டிப் புழுவைப் பற்றிய நீண்ட ஆராய்ச்சிக்குப் பிறகு ஐந்தாவது. கேற்றடியில் ஆறாவது. வானுக்குள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். அவர் ஒரு காலை வானுக்குள்ளும் மற்றக் காலை எங்கள் மண்ணிலும் வைத்துக்கொண்டு நின்றார்.

“அப்ப... சரி... மறுகா வாறம், என்ன?”

ரவி கேற்றைத் திறக்கப் போயிருந்தார். என் காலுக்குப் பக்கத்தில் ஒரு காலும் இல்லை.

“மாமா,” என்றேன். “வாறம் வாறம் எண்டு ஏழு தரம் சொல்லிட்டீங்க. வரவுமில்ல, போகவுமில்ல. போற ஆக்கள் போறம் எண்டு சொல்லணும். அதுதான் சரியான தமிழ்.”

நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊரில் வாசலில் நின்று ஒருவரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. உறவை முறித்துக்கொண்டு போகிறவன் சொல்லுவான். இனி இந்தப் படி மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்கிறவன் சொல்லுவான். இது எனக்குத் தெரியாததா? பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இரண்டு மணித்தியாலம் அடைத்துவைத்த வாய்க்குத் தெரியவில்லை. நாற்பத்துமூன்று மறுகாவையும், நடுச் சென்ரரையும், கேற் வாசலையும் விட்டுவிட்டு, அந்த மனிதர் பிழையே இல்லாமல் சொன்ன ஒரே ஒரு சொல்லைப் பிடித்துத் திருத்தினேன்.

வானுக்குள் அவருடைய மனைவி வாயில் கை வைத்தார். வெள்ளைத்தம்பி என் பக்கம் திரும்பினார்.

“அப்பிடியா புள்ள?” என்றார். “அச்சுக்கூடத்தில திருத்துற புள்ள சொன்னா சரியாத்தான் இரிக்கும்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் வாசிக்க எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றார்.

“போறம்.”

ஏறினார். கதவு மூடியது. வான் போய்விட்டது.

அம்மா கேற்றடியிலேயே மண்ணில் இருந்துவிட்டார். தர்சினி கத்தவில்லை, அழவில்லை. உள்ளே போய் அறைக்கதவைச் சாத்தினாள். ரவி மட்டும் கேற்றைப் பிடித்தபடி, “ஏழு மட்டும் தாங்கினாய். எட்டாவத அவர் வானுக்குள்ள வச்சுச் சொல்லியிருப்பார்” என்றார்.

பிழை திருத்துகிறவளுக்கு வந்த தண்டனையைப் பாருங்கள். ஒரே ஒரு சொல். மூன்று எழுத்து. அதற்குப் பொருள் என்ன என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை மரியாதையாகத் திருப்பிச் சொன்னாரா? இல்லை, உங்கள் சம்பந்தமும் வேண்டாம் தமிழும் வேண்டாம் என்று முறித்துக்கொண்டு போனாரா? குரலில் கோபம் இருந்ததா? செருமினாரே, அது ஏன்? நான் இரவும் பகலும் அந்தச் சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். பகுதி இருந்தது, விகுதி இருந்தது. கருத்து மட்டும் இல்லை. அச்சகத்தில் ஒரு மரண அறிவித்தலில் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்பதை ‘இறைவனடி போறம்’ என்று அடித்து வைத்தேன். நல்ல வேளை, சாபிர் நானா கண்டுவிட்டார். “புள்ள, இண்டைக்கு நான் திருத்துறன். நீங்க போய்த் தேத்தண்ணி குடிங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா காலையில் இருந்து பலகாரம் சுட்டார். ஒருவரும் வரவில்லை. பலகாரத்தை நாங்களே சாப்பிட்டோம், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல். வளாகத்தில் தர்சினி நிரோசனைக் கேட்டால், “அம்மா அழுறா. அப்பா ஒண்டும் கதைக்கிறாரில்ல” என்பதற்கு மேல், அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்த அவனுக்கும் தெரியவில்லை. கடைசியில் இருவரும் சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

“உங்கட அக்காதான் போகச் சொன்னவ” என்றிருக்கிறான் அவன்.

“உங்கட அப்பாதான் போறம் எண்டவர்” என்றிருக்கிறாள் இவள்.

சனிக்கிழமை தர்சினி வேலி இடைவெளிக்கு வந்தாள். ஒரு கிழமைக்குப் பிறகு என்னோடு கதைத்தாள்.

“அக்கா, எனக்கு இனி ஒருத்தரையும் பேச வேணாம். அவர் இல்லாட்டி ஒருத்தரும் வேணாம். உன்னில எனக்குக் கோவமும் இல்ல.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மூன்று வசனம். ஒன்றிலும் பிழை இல்லை. சும்மா அலட்டுகிறவர்கள்தான் பிழைவிடுவார்கள். முடிவெடுத்தவர்கள் சரியாகத்தான் பேசுவார்கள். எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது.

மறுநாள் ரவியின் மோட்டார் சைக்கிளில் ஏறி மாங்கேணிக்குப் புறப்பட்டோம். தேற்றாத்தீவில் இருந்து அது சின்னத் தூரம் இல்லை. காத்தான்குடி தாண்டி, கல்லடிப் பாலம் தாண்டி, வந்தாறுமூலை தாண்டிப் போய்க்கொண்டே இருக்கவேண்டும். பின்னால் இருந்து மன்னிப்பை மனதுக்குள் எழுதினேன், வெட்டினேன், திரும்ப எழுதினேன்.

“என்ன வாய்க்குள்ள முணுமுணுக்கிறாய்?” என்றார் ரவி.

“‘மன்னிக்கவும்’ எண்டு சொல்றதா, ‘மன்னித்துக்கொள்ளுங்கள்’ எண்டு சொல்றதா எண்டு பாக்கிறன்.”

“அழு. அது ரெண்டையும் விட நல்லம்.”

ஓட்டமாவடிப் பாலத்தில் போகும்போது ‘மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று முடிவெடுத்தேன். மாங்கேணிச் சந்தியில் அதையும் வெட்டிவிட்டேன்.

வெள்ளைத்தம்பியின் வீடு கடற்கரையை ஒட்டி இருந்தது. கரையில் மற்ற வள்ளங்கள் இருந்த தடம்தான் கிடந்தது, எல்லாம் கடலில். ஒரே ஒரு வள்ளம் மட்டும் மணலில் ஏறிக் கிடந்தது. அதன் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. வெள்ளைத்தம்பி வேலிக்குள் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, ஏற்கெனவே கிழிசல் பொத்தி முடித்த வலையைத் திரும்பவும் பொத்திக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு கிழமைத் தாடி. எங்களைக் கண்டதும் எழுந்தார். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை.

நான் ஆயத்தப்படுத்திய வசனம் அத்தனையும் பாலத்துக்கு அங்காலேயே தங்கிவிட்டது. வாயைத் திறந்தேன்.

“மாமா... வந்து... குறை நினைக்காதீங்க... மறுகா... அண்டைக்கு வந்து, உள்ளதச் சொன்னா, நான் மறுகா... என்னண்டா மறுகா... மன்னிப்புக் கேக்கக் கடமைப்பட்டிருக்கிறன் மறுகா.”

ரவி திரும்பி என்னைப் பார்த்தார். என் வாழ்நாளில் நான் வெறுத்த ஒவ்வொரு சொல்லும் வரிசையில் நின்று, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. கடைசி மறுகாவுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. அது அவருடைய முற்றத்தில் போக இடமில்லாமல் நின்றது.

வெள்ளைத்தம்பி கையை உயர்த்தினார். “புள்ள, எனக்கு விளங்கல்ல. சரியான தமிழ்ல சொல்லு.”

நான் அழுதேன். (ரவி சொன்னது சரி. அதைவிட நல்ல வசனம் எனக்கு அன்று கிடைத்திருக்காது.)

அழுகைச் சத்தம் கேட்டு அவருடைய மனைவி அகப்பையோடு குசினியால் வந்தார். அன்று வானுக்குள் வாயில் கை வைத்தவர், இன்று வாயைத் திறந்தார்.

“ஏன் அழுறாய்? அழவேண்டியது நானெல்லோ! எட்டு நாளா வள்ளம் கரையில கிடக்கு, தெரியுமா உனக்கு?”

“ஏன் மாமி? எஞ்சின் பழுதா?”

“எஞ்சின் பழுதில்ல, உன்ட தமிழ்தான் பழுது! நாப்பது வரிசமா இந்த மனிசன் கடலுக்குப் போறார். ஒரு நாளெண்டாலும் இந்த வாயால போறன் எண்டு சொன்னதில்ல. காச்சல் எண்டாலும், சண்டை புடிச்சாலும், வாறன் எண்டு சொல்லிட்டுத்தான் இறங்குவார். அண்டைக்கு நீ சொல்லக் குடுத்தாய், மனிசன் சொல்லிட்டார். போறம் எண்டு சொன்ன ஆள நான் எப்பிடிக் கடலுக்கு விடுற?”

நான் அச்சகத்தில் இருந்து ‘க்’கைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். இங்கே ஒரு பெண் நாற்பது வருடமாக ஒரு சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நிற்கிறார். அதைப் போய் நான் பிழை என்று வெட்டியிருக்கிறேன்.

“மாமா மாத்தி வாறம் எண்டு சொன்னாச் சரிதானே மாமி?” என்றார் ரவி மெதுவாக.

“நூறு தரம் சொல்லிட்டன் தம்பி” என்றார் வெள்ளைத்தம்பி. “அவ ஏத்துக்கொள்றா இல்ல.”

“எப்பிடி ஏத்துக்கொள்ற? சொன்ன இடத்தில நிண்டு சொல்லணும். அந்தக் கேற்றடியில, அந்த மண்ணில நிண்டு சொல்லணும்.”

“அப்ப வெள்ளிக்கிழமை வந்திருக்கலாமே மாமி?” என்றேன் நான். “அம்மா பாத்துக்கொண்டிருந்தவ.”

வெள்ளைத்தம்பி வலையைக் கீழே வைத்தார். கோபம் என்று எதையாவது அந்த முகத்தில் கண்டேன் என்றால் அந்த ஒரு நிமிடத்தில்தான்.

“எப்பிடிப் புள்ள வாற? வாறம் எண்டு சொல்லிட்டுப் போனவன் கேக்காம வரலாம், அது அவன்ட வீடு. போறம் எண்டு சொல்லிட்டுப் போனவன மத்தாக்கள் கூப்பிடணும். நீங்க கூப்பிடுவீங்க எண்டு நாங்க பாத்துக்கொண்டிரிக்கம். நீங்க கூப்பிடல்ல.”

நான் படித்த எந்த இலக்கணப் புத்தகத்திலும் இந்த விதி இல்லை. எட்டு நாளாக, அவர்கள் வருவார்கள் என்று நாங்கள் பலகாரம் சுட, நாங்கள் கூப்பிடுவோம் என்று அவர்கள் வள்ளத்தைக் கரையில் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

“வாங்க மாமா” என்றேன்.

“எப்ப?”

“இப்ப.”

“இப்ப எப்பிடி வாற? சேவ் எடுக்கல்ல.”

“நாளைக்கு” என்று மாமி தீர்ப்புச் சொன்னார். பிறகு எங்களுக்குச் சோறு போட்டார். அகப்பை என் பக்கம் வரும்போதெல்லாம் நான் கொஞ்சம் விலகி இருந்தேன். சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். ரவி மோட்டார் சைக்கிளை உதைத்துவிட்டார். நான் வேலியடியில் நின்றேன். வெள்ளைத்தம்பியும் மாமியும் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயையே பார்த்தார்கள்.

“வாறம்” என்றேன்.

“வாங்க” என்றார் மாமி. அப்போதுதான் முகம் கொடுத்தார்.

திங்கட்கிழமை அதே வான் வந்தது. வெள்ளைத்தம்பி மழித்த முகத்தோடு கேற்றடியில் இறங்கி, நின்ற இடத்திலேயே தொண்டையைச் செருமினார். மாமி பாய்ந்து மறித்தார். வந்தவுடன் வாறம் என்று சொன்னால் அது செல்லாது. உள்ளே போய், இருந்து, தேநீர் குடித்து, எழுந்து, முறைப்படி வெளியே வந்துதான் சொல்லவேண்டும். அப்படியே நடந்தது. நாளும் வைத்தார்கள். தேநீர் குடித்த கையோடு எல்லோரும் ஊர்வலம்போலக் கேற்றடிக்கு வந்தோம். பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைத்தம்பி மண்ணில் காலை ஊன்றினார்.

“வாறம்.”

“இன்னொருக்காச் சொல்லுங்க” என்றார் அம்மா, காவலுக்கு.

அவர் ஏழு தரம் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் நான் “ஓம் மாமா, வாங்க” என்றேன். என் காலை ஒருவரும் மிதிக்கத் தேவைப்படவில்லை. அடுத்த நாள் காலை நிரோசன் தர்சினிக்குத் தொலைபேசி எடுத்தான். அப்பாவின் வள்ளம் இறங்கிவிட்டது, மீனோடு திரும்பியும் வந்துவிட்டது என்றான்.

கலியாண அழைப்பிதழ் எங்கள் அச்சகத்தில்தான் அடித்தோம். சாபிர் நானா அந்த ஒன்றை என் கையில் தரவில்லை. “இது நான் பாக்கிறன் புள்ள. உங்களுக்கு இரிக்கிறது ஒரே ஒரு தங்கச்சி” என்றார். அதில் ‘வாழ்த்துக்கள்’ இருந்தது. ‘க்’கோடு இருந்தது. விட்டுவிட்டேன்.

இது நடந்து ஆறு வருடம். நிரோசன் அடுத்த வளவில் இருக்கிறான், தர்சினிக்கு இரண்டு பிள்ளைகள். வெள்ளைத்தம்பி மாதம் ஒருமுறை மீன் பெட்டியோடு வருவார். வந்தால் எங்கள் குடும்பம் முழுக்கக் காத்திருப்பது அவர் புறப்படும் நேரத்துக்காக. கேற்றடியில் நின்று என் வீட்டுப் பக்கம் திரும்பி, கடலில் கூப்பிடுகிற அதே குரலில் கத்துவார்.

“புள்ள வசந்தி! சரியான தமிழ்ல சொல்லவா, எங்கட தமிழ்ல சொல்லவா?”

நான் எந்த வேலையில் இருந்தாலும் ஓடிவரவேண்டும். உலையில் அரிசி பொங்கினாலும் வரவேண்டும். வரும் மட்டும் மனிதர் வானில் ஏறமாட்டார். அம்மா, தர்சினி, நிரோசன், பிள்ளைகள், ரவி எல்லோரும் வரிசையில் நின்று என்னைப் பார்ப்பார்கள். எங்கள் சொந்தத்தில் எந்தக் கலியாணத்துக்குப் போனாலும், செத்த வீட்டுக்குப் போனாலும், நான் எழுந்தவுடன் யாராவது ஒருவர் “வரப்போறியா, போகப்போறியா?” என்று கேட்காமல் விடுவதில்லை. தர்சினியின் மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் எதிர்ச்சொல் எழுதும்போது, வா என்பதற்கு எதிரே ‘பெரியம்மா’ என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியை சிவப்புப் பேனையால் வெட்டியிருந்தார். வீட்டில் எல்லோரும் அது சரி என்றார்கள்.

போன மாதமும் வந்தார். வழக்கம்போலக் கத்தினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி, “உங்கட தமிழ்லயே சொல்லுங்க மாமா” என்றேன்.

வானில் ஒரு காலை வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்காக யோசித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று விளங்கியது.

“அப்ப மறுகாவும் றிட்டேர்ன் திரும்பி வாறம் புள்ள!”

ஒரே வசனத்தில் மூன்று தரம் திரும்பிவிட்டார். எறும்பு காலில் தொடங்கிக் கழுத்து மட்டும் ஏறியது. கேற்றுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

“வாங்க மாமா” என்றேன்.